ஜீப்பின் நேர்நடை

நான் வசிக்கும் மடவார் வளாகத்திலிருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆயினும் இந்த ஜீப்பை வாங்கிய முதல் வாரத்தில், அந்தத் தூரத்தைக் கடந்து இறங்கும்போதெல்லாம், நாள் முழுவதும் ஏற்றம் இறைத்தவனுடைய தோள்களைப்போல் என் தோள்கள் இரண்டும் கடுத்துக் கிடந்தன. சாலையில் குழி இல்லை, எதிர்க்காற்று இல்லை, வண்டியில் பாரமும் இல்லை. மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் அந்த நெடுஞ்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய மாத்திரத்தில் வண்டி தானாக இடப்பக்கம் சற்றே ஒதுங்கும். நான் திருப்பினால், அரைக் கணம் தாமதித்துவிட்டு, நான் கேட்டதற்கு மேலாகவே வலப்பக்கம் போகும். அதை மீட்டால் மறுபடியும் இடப்பக்கம். எதிரே பேருந்து வரும்போது மூச்சை அடக்கிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பற்றியிருந்த அந்தப் பிரயாணங்களே இக்கட்டுரைக்குக் காரணம்.

வாகனம் மகிந்திரா சி.ஜே. 3பி, எழுபதுகளில் பிறந்தது, ராஜபாளையம் பக்கத்து மாந்தோப்பு ஒன்றில் பல ஆண்டுகள் காய் சுமந்தது. 80 அங்குலச் சக்கர இடைவெளி, முன்னும் பின்னும் ஒற்றை இரும்பு அச்சு, அவற்றைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங், உயரமான எஞ்சினுக்கு இடம் தரவேண்டி உயர்த்திய பானெட் ஆகிய அங்க லட்சணங்களையெல்லாம் ஜீப் அபிமானிகள் நெட்டுருவாக அறிவார்கள். அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1953-இல் வெளியிட்ட அந்த உருவம், தன் தாயகத்தில் அறுபதுகளோடு விடைபெற்றுக்கொண்ட பின்னும் நம் நாட்டில் நெடுங்காலம் நிலைத்து நின்றது என்பதைச் சொன்னால் போதும். இதன் பெட்ரோல் எஞ்சினை யாரோ எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் பொருத்தியிருக்கிறார்கள். அது குறைவின்றி ஓடுகிறது. செண்பகத்தோப்புப் பக்கத்துக் கல்லும் மணலும் இதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆகவே எஞ்சினையும் ஏறுதிறனையும் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஆறு வார காலம் என் சிந்தையை முழுதும் கவர்ந்துகொண்டது, நேராகப் போக வேண்டிய இடத்தில் இவ்வண்டி நேராகப் போக மறுத்த அந்த ஒரு குணமே.

பட்டறைப் பேச்சில் இந்த வகைத் தொல்லைகளுக்கு மூன்று பெயர்கள் உண்டு. மூன்றையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பணம் விரயமாகிறது. 'இழுக்குது' என்றால் வண்டி எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்கிறது என்று பொருள். ஒரு டயரில் காற்றுக் குறைவோ, ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதோ அதற்குப் பெரும்பாலும் காரணமாகும். 'ஆடுது' என்றால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில், குழியொன்றில் விழுந்தவுடன், முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று உதறத் தொடங்குகின்றன என்று பொருள். சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் தளர்வையும் சக்கரத்தின் சமநிலையையும் அங்கே சந்தேகிக்க வேண்டும். 'அலையுது' என்பதோ இன்ன பக்கம் என்றில்லாமல் வண்டி திசையை மறப்பது. என்னுடையது அலைந்தது.

அலைகிற ஜீப்புக்கு ஆலோசனை சொல்ல ஆள் பஞ்சம் இல்லை. ஸ்டியரிங் பெட்டியையே மாற்றிவிடுங்கள் என்றார் ஒருவர். டேம்பர் ஒன்று மாட்டினால் அடங்கிவிடும் என்றார் மற்றொருவர். பவர் ஸ்டியரிங் வைத்துவிட்டால் பிரச்சினையே இராது என்றார் மூன்றாமவர். மூவரும் வண்டிக்கு அடியில் ஒரு தடவையாவது குனிந்து பார்க்கவில்லை. காரணத்தை அறியாமல் கருவியைச் சேர்க்கும் இந்தப் பழக்கத்தின்மேல் எனக்குள்ள கோபத்தை நான் மறைக்க விரும்பவில்லை. டேம்பர் உதறலை விழுங்குமேயன்றி அதன் பிறப்பிடத்தைத் தொடாது. தேய்ந்த மூட்டுகளின்மேல் பவர் ஸ்டியரிங்கின் பலத்தை ஏற்றினால், அம்மூட்டுகள் இன்னும் சீக்கிரமாகவே தேயும்.

கம்ப்யூட்டர் வைத்து அலைன்மென்ட் பார்க்கும் இடம் ஒன்றுக்கும் போனேன். ஒரு டை ராடைச் சற்றே சுற்றிவிட்டு, முன்சக்கரங்கள் முன்பக்கம் சற்றே உட்புறம் நெருங்கும் அளவான டோ-இன் சரியாகிவிட்டது என்று ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். காகிதத்தில் மற்றக் கட்டங்களில் சிவப்பு எழுத்துகள் இருந்தன. 'பழைய வண்டி, அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது' என்பதே அவற்றுக்கு விளக்கம். ஒற்றை அச்சு வண்டியில் திருகாணியைச் சுற்றித் திருத்தக்கூடியது டோ-இன் ஒன்றே என்பது உண்மை. கேம்பர், காஸ்டர் என்னும் சாய்வுக் கோணங்கள் அச்சோடு பிறந்தவை. ஆனால் அச்சோடு பிறந்த ஒன்று மாறியிருக்குமானால் எதுவோ வளைந்திருக்கிறது, அல்லது எதுவோ இடம் மாறியிருக்கிறது என்றல்லவா அர்த்தம்? அந்தச் சிவப்பு எழுத்துகளே நோயின் மொழியாக இருக்க, அதைப் படிக்காமல் மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

நான் வசிக்கும் ஊரின் சுவாமிக்கு வைத்தியநாதர் என்று திருநாமம். பிரசவ வேதனையில் துடித்த பெண்ணொருத்திக்குத் தாயின் உருவில் வந்து மருத்துவம் பார்த்தவர் என்றும், திருமலை நாயக்கரின் வயிற்றுநோயைத் தீர்த்தவர் என்றும் தலவரலாறு சொல்லும். மாலையில் அந்தச் சந்நிதிக்குப் போய்த் திரும்பும் வழியெல்லாம், நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பவனை வைத்தியன் என்று யாரும் சொல்லமாட்டார்களே என்ற எண்ணம் என்னை விடவில்லை. முடிவில், ராஜபாளையம் முடங்கியாறு சாலைப் பக்கத்தில், ஏலத்தோட்ட ஜீப்புகளோடு வாழ்நாளைக் கழித்த முதிய மேஸ்திரி ஒருவரைத் தேடிக்கொண்டு போனேன்.

“அண்ணாச்சி, ஸ்டியரிங் பெட்டியில ஆட்டம் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க” என்றேன்.

அவர் பெட்டியைப் பார்க்கவேயில்லை. “கை வலிக்குதுங்கிறதுக்காக நோவு கையிலதான் இருக்கணும்னு இல்ல, தம்பி. மண்ணுல இருந்து ஆரம்பிச்சு மேல வருவோம். பெட்டி கடைசி” என்றார்.

இந்த வாகனத்தைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களிலெல்லாம் காணாத ஞானம் அந்த வார்த்தையில் இருந்தது. கையில் உணரப்படும் ஆட்டம், சாலையைத் தொடும் டயரிலிருந்து கைப்பிடி வரையிலுள்ள ஏழெட்டு மூட்டுகளின் சிறு சிறு தளர்வுகள் ஒன்றுகூடிய மொத்தம். மேலிருந்து இறுக்கினால் கீழுள்ள தளர்வு மறையுமே தவிர ஒழியாது; கீழிருந்து வந்தால் ஒவ்வொன்றும் தன் பங்கை ஒப்புக்கொண்டு விலகும்.

முதலில் டயர். நான்கிலும் காற்றைச் சமப்படுத்தி, முன்னிரண்டின் தேய்மானத்தையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். விளிம்பு ரம்பப் பல்லைப்போல் ஒரு பக்கமாக உரசியிருந்தால் டோ-இன் தவறு. ஒரே ஓரம் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் கேம்பர். அங்கங்கே கிண்ணம் கிண்ணமாகக் குழிந்திருந்தால் தளர்ந்த மூட்டு. எங்கள் டயர்களில் லேசான ரம்பப் பல் மட்டும் இருந்தது.

அடுத்து, முன்னச்சை ஜாக்கியால் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பற்றி ஆட்டினார். டக் டக் என்று சப்தம் வந்தது. இது வீல் பேரிங்கின் தளர்வா, கிங்பின் தளர்வா? அதை நிச்சயிக்க அவர் கையாண்ட உபாயம் மிகவும் எளிது. என்னை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டினார். மிதித்தவுடன் சப்தம் நின்றால் பேரிங். மிதித்த பின்னும் நீடித்தால் கிங்பின். இடச்சக்கரத்தில் நின்றது, வலச்சக்கரத்தில் நிற்கவில்லை. இடப்பக்கம் நட்டை, சக்கரம் இறுகிக்கொள்ளும் வரை முடுக்கி, பின்பு ஆறில் ஒரு பங்கு சுற்றுத் தளர்த்தி, வாஷரைப் பூட்டினார். வில்லிஸ் கைப்புத்தகம் விதிக்கும் அளவும் அதுவே. வலப்பக்கத்தில், கிங்பின் மூடியைக் கழற்றி, காகிதம்போன்ற ஷிம் தகடுகளில் ஒன்றை எடுத்துவிட்டார். கையால் திருப்பினால் சக்கர முட்டி சற்றே எதிர்த்துத் திரும்ப வேண்டும். தொங்கும் கதவுபோல் தானே ஆடவும் கூடாது, துருப்பிடித்த கீல்போல் முரண்டவும் கூடாது.

பின்பு வண்டியைத் தரையில் இறக்கி, எஞ்சினை ஓட்டாமலே, ஸ்டியரிங்கை நான்கு விரல் அளவு இடமும் வலமும் விடாமல் அசைத்துக்கொண்டிருக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டு அவர் அடியில் படுத்துக்கொண்டார். சக்கரங்கள் மண்ணில் ஊன்றி நிற்பதால், இணைப்புகளில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே அசைவு வெளிப்பட்டே தீரும். ஒவ்வொரு மூட்டின்மேலும் கையை வைத்து வைத்து வந்தார்; கண்ணுக்குத் தெரியாத தளர்வு விரலுக்குத் தெரியும். டை ராடு முனைகளில் ஒன்று தேய்ந்திருந்தது. ஆனால் பெரிய குற்றவாளி பெல் கிராங்க். டிராக் லிங்க் கொடுக்கும் அசைவை இரண்டு டை ராடுகளுக்கும் பகிர்ந்தளிப்பதற்காக முன் குறுக்குச் சட்டத்தின்மேல் நிற்கும் அந்தச் சிறு இரும்பு, தன் தண்டிலேயே மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. தண்டையும் ஊசி பேரிங்கையும் மாற்றினோம். பெட்டியைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளில் ஒன்று அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது; அதையும் முடுக்கினோம்.

அதன் பிறகே பெட்டி. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் பக்க மூடியிலுள்ள ஒரு திருகாணியை முடுக்கினால் ஆட்டம் குறையும் என்பதை அறிந்தவர்கள் அநேகர். அதை எந்த நிலையில் முடுக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் சிலரே. இந்தப் பெட்டியினுள் சுழலும் கேம், நேராகப் போகும் நடுநிலையில் இறுக்கமாகவும், இரு ஓரங்களில் தளர்வாகவும் இருக்கும்படி திட்டமிட்டே கடையப்பட்டது. சக்கரம் திரும்பியிருக்கும்போது தளர்வு தெரிகிறதென்று முடுக்கிவிட்டால், நடுவுக்கு வரும்போது அது பிடித்துக்கொள்ளும். வளைவு முடிந்தும் ஸ்டியரிங் மீளாது. சில மாதங்களில் கேமும் பாழாகும். எங்களுடையதை யாரோ அவ்வாறே முடுக்கியிருந்தார்கள். அண்ணாச்சி நடுநிலையில் வைத்து, அதைக் கால் சுற்றுத் தளர்த்தினார். ஆட்டம் என்ற புகாருக்கு மருந்தாகப் பெட்டியைத் தளர்த்திய ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

இவ்வளவும் செய்த பின் ஓட்டினேன். பாதித் தொல்லை போயிற்று, பாதி இருந்தது. ஸ்டியரிங்கில் வெற்று ஆட்டம் பெரும்பாலும் போய்விட்டது. ஆயினும் வண்டி இன்னும் அலைந்தது. வளைவில் திருப்பிய ஸ்டியரிங்கை நானே மீட்டுக்கொண்டு வரவேண்டியிருந்தது. மூட்டுகள் குணமாகிவிட்டன, கோணங்கள் எஞ்சியிருந்தன.

நெல் காயப்போடும் ஒரு சிமெண்டுக் களத்தில் வண்டியை நிறுத்தி, கொத்தனாரின் டியூப் லெவலால் தரை சமம்தானா என்று நிச்சயித்துக்கொண்டு, நூலும் தூக்குக்குண்டும் கொண்டு அளந்தோம். இதற்கு விதித்த கேம்பர் 1½ டிகிரி. அதாவது சக்கரத்தின் தலை அவ்வளவு வெளியே சாய்ந்திருக்கவேண்டும். டயரின் வயிறு இடிக்காதபடி ஒரு மரத்துண்டைக் கொடுத்து ரிம்மின் மேல்விளிம்பிலிருந்து தூக்குநூலை விட்டால், 16 அங்குல உயரத்துக்கு அச்சாய்வு ஏறத்தாழ பத்தரை மில்லிமீட்டர் வரும். இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பதினொன்று. அச்சு வளையவில்லை என்று அந்த இரண்டு எண்களும் சாட்சி சொல்லின.

டோ-இன் 3/64 முதல் 3/32 அங்குலம். ஒன்றேகால் மில்லிமீட்டரிலிருந்து இரண்டரைக்குள். காகிதம் கொடுத்தவர்கள் அந்த எண்ணைச் சரியாகவே வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு ராடை மட்டும் சுற்றி வைத்திருந்தார்கள். பெல் கிராங்கின் கையை அச்சுக்குச் செங்குத்தாக நிறுத்தி, இடப்பக்கப் பின்சக்கரத்தையும் முன்சக்கரத்தையும் ஒரே நூலில் சேர்த்து இட ராடால் முன்சக்கரத்தை நேராக்கிக்கொண்டு, அதன் பிறகே வல ராடால் டோ-இன் வைக்கவேண்டும். அந்த வரிசை தவறினால் எண் சரியாக இருக்கும். ஆனால் வண்டி நேராகப் போகும்போது பெட்டி தன் நடுநிலையில் இராது. அந்த இறுக்கமான நடுவை விட்டுத் தளர்ந்த ஓரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். எண் சரியாயிருந்தும் காரியம் தவறாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எஞ்சியது காஸ்டர். கையை விட்டுச் சைக்கிள் ஓட்டும் சிறுவனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்கு இடங்கொடுப்பது முன்கவையின் பின்சாய்வு. கவையின் அச்சுக்கோட்டைத் தரைவரை நீட்டினால் அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே விழும். ஆகவே சக்கரம் அக்கோட்டின் பின்னால் இழுபட்டு வந்து, தானே நேராகிக்கொள்கிறது. இந்த ஜீப்புக்கு விதித்த சாய்வு 3 டிகிரி. டயரின் ஆரத்துக்குக் கணக்கிட்டால் முன்னே விழும் தூரம் ஏறத்தாழ முக்கால் அங்குலம். அந்த முக்கால் அங்குலமே வண்டியின் திசையுணர்வு. கிங்பின் மூடியின் தட்டையான முகத்தில் கைப்பேசியின் கோணமானியை நீளவாக்கில் வைத்துப் பார்த்தேன், மறுபக்கமும் வைத்தேன், களத்தின் வேறோர் இடத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் மறுபடியும் வைத்தேன். எல்லாத் தடவையும் ஒரே விடை: மைனஸ் அரை டிகிரி. சக்கரங்கள் பின்னால் இழுபடுவதற்குப் பதிலாக முன்னால் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தன.

அண்ணாச்சி விளக்கைப் பட்டையின்மேல் பிடித்தார். அச்சின் அடியில், பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே, எண்ணெய்ப் பிசுக்கு மூடிய ஒரு மெல்லிய இரும்பு ஆப்பு இருந்தது. துடைத்துப் பார்த்தோம், இரண்டு டிகிரிச் சரிவு. அதன் தடித்த பக்கம் பின்னோக்கி இருந்தது.

எங்கள் ஊரில் ஆடிப்பூரத் தேர் ஓடும்போது பார்த்தவர்களுக்கு ஆப்பின் மகிமையைச் சொல்லவேண்டியதில்லை. அத்தனை பெரிய தேருக்கு ஸ்டியரிங் கிடையாது; அச்சு திரும்பாது; வடம் பிடிப்பவர்கள் இழுக்க, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களே அதை ரத வீதிகளில் திருப்பி நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். கட்டையின் எந்த முனை முன்னே போகிறது, எந்தக் கணத்தில் போகிறது என்பதை அவர்கள் கை அறியும். எங்கள் ஜீப்பிலும் ஒரு காலத்தில் அத்தகைய அறிவுள்ள ஒருவர் கை வைத்திருக்கிறார்: பட்டைகள் தளர்ந்து காஸ்டர் ஒன்றரை டிகிரியாகக் குறைந்ததைக் கண்டு, இரண்டு டிகிரி ஆப்புகளைச் சரியாகச் செய்து வைத்திருக்கிறார். பின்னொரு நாள் பட்டை வேலைக்காகக் கழற்றிய வேறொருவர், அது எதற்காக இருக்கிறதென்று யோசியாமல் முன்பின் மாற்றிப் பூட்டியிருக்கிறார். கூட்டவேண்டிய இரண்டு கழிந்துபோயிற்று. பட்டை அச்சுக்குக் கீழே அமைந்த இவ்வண்டியில் தடித்த பக்கம் முன்னோக்கி இருந்தால்தான் அச்சின் முகம் நிமிர்ந்து, கிங்பினின் தலை பின்சாயும்.

இரு பக்கமும் திருப்பிப் போட்டு, யு-போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக முடுக்கி, மறுபடியும் அளந்தோம்: மூன்றரை டிகிரி. விதித்ததைவிட அரை டிகிரி கூடுதல். அதை அப்படியே விட்டோம். இதற்கு மேலும் ஆப்பைப் பெருக்கினால் ஸ்டியரிங் கனக்கும். முன் புரொப்பெல்லர் ஷாப்டின் மூட்டும் கோணம் மிகுந்து திணறும். டோ-இன்னை மறுபடியும் முதலிலிருந்து வைத்தோம். நூறு கிலோமீட்டர் ஓடியபின் யு-போல்ட்டுகளை இன்னொரு தடவை முடுக்கினேன். பட்டை அமர்ந்துகொள்வதால் அவை அப்போது சற்றே தளர்ந்திருக்கும் என்பதை இவ்வேலை செய்யும் எவரும் மறக்கலாகாது.

அன்று மாலை அய்யனார் கோயில் சாலையில் மலையடிவாரம் வரை போய்த் திரும்பினேன். மாந்தோப்புகளின் நிழல் சாலையின் குறுக்கே நீண்டு கிடந்தது. ஒரு வளைவில் திருப்பிவிட்டு, வளைவு முடியும் இடத்தில் பிடியைச் சற்றே தளர்த்தினேன். ஸ்டியரிங் என் விரல்களுக்குள்ளேயே மெல்ல ஊர்ந்து, தானாக நடுவுக்கு வந்து நின்றது. ஆறு வார காலமாக இந்த வண்டியிடம் நான் கேட்டது அதுவேதான். நெடுஞ்சாலைக்கு வந்து 50 கிலோமீட்டர் வேகத்தில் போனபோதும், எதிரே பேருந்து கடந்து காற்று மோதியபோதும், ஜீப் தன் கோட்டைவிட்டு விலகவில்லை.

இதன் ஸ்டியரிங் இன்றைய காரினுடையதுபோல் ஆகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். நடுவில் இரண்டு விரல் அளவு ஆட்டம் இன்னும் உண்டு. அவ்வளவு இருப்பது இவ்வகை இணைப்புக்கு இயல்பு. 60-க்கு மேல் நான் ஓட்டுவதில்லை. இதன் சுபாவம் அதற்கு ஏற்றதும் அல்ல. பழைய ஜீப் வாங்க உத்தேசிப்பவர்கள் பெயிண்டையும் பெரிய டயரையும் பார்த்து மயங்காமல், ஒரு நண்பரை ஸ்டியரிங்கை அசைக்கச் சொல்லிவிட்டு அடியில் படுத்து மூட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். பெல் கிராங்கைப் பிடித்து மேலும் கீழும் தூக்குங்கள். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு இருந்தால் எந்தப் பக்கம் தடித்திருக்கிறது என்று பாருங்கள். அரை மணி நேர வேலை அது.

இந்த வாகனத்தின்மேல் எனக்குள்ள பற்று இந்த ஆறு வாரத்தில் குறையவில்லை, வளர்ந்திருக்கிறது. ஒரு நூல், ஒரு தூக்குக்குண்டு, தொட்டால் அறியும் ஒரு கை: இவை மூன்றையும்கொண்டு தன் குறைகளையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிடும் யந்திரங்கள் இக்காலத்தில் அருகி வருகின்றன. அண்ணாச்சியிடம் கணக்கை முடித்துவிட்டுப் புறப்படும்போது, அந்தப் பிசுக்குப் படிந்த ஆப்புகளின் முன்முனையில் அவர் உளியால் ஒவ்வொரு கோடு வெட்டியிருந்ததைக் கவனித்தேன். ஏன் என்று கேட்டேன். “நாளைக்கு வேற ஒருத்தன் கழட்டுவான்ல, தம்பி. அவனுக்குத் தெரியணும்” என்றார்.